ஜெலி றோல் மோர்ட்டன்: மறைந்துபோன ஊரொன்றின் சாட்சி

1938 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் திகதி, அமெரிக்கத் தலைநகர் வோஷிங்டனில் உள்ள கொங்கிரஸ் நூலகத்தின் கூலிட்ஜ் மண்டபத்துக்கு ஒரு பியானோக் கலைஞர் வந்து சேர்ந்தார். ஐரோப்பிய செவ்வியல் இசை நிகழ்ச்சிகளுக்கெனக் கட்டப்பட்ட மண்டபம் அது. வந்தவரோ இளமையில் விபசார விடுதிகளின் முன்னறைகளில் பியானோ வாசித்துப் பிழைத்தவர். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் நாடறிந்த பெயராக விளங்கி, அப்போது ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டவர். அவரை ஒலிப்பதிவு செய்வதற்குக் காத்திருந்த நூலக அலுவலர் அலன் லோமக்ஸுக்கு அவ்வேளை வயது 23.

லோமக்ஸ் நாட்டார் பாடல்களைத் தேடி ஊரூராகவும் சிறைச்சாலைகளுக்கும் அலைந்தவர். ஜாஸ் இசை அவருக்கு உவப்பானதாக இருக்கவில்லை. வானொலியும் இசைத்தட்டுகளும் பரப்பிவந்த அந்த இசை, மக்களிடம் வழிவழியாக வந்த பாடல்களை விழுங்கிவிடும் என்றே அவர் கருதியிருந்தார். ஆதலால் வந்தவரைச் சற்றுச் சோதித்துப் பார்க்கும் எண்ணத்துடன், 'அலபாமா பவுண்ட்' என்னும் பழைய பாடல் தெரியுமா என்று வினவினார். பாடல் வந்தது; அதனுடன் ஒரு கதையும் வந்தது. கதையின் கீழே பியானோவின் சுரக்கோவைகள் ஓய்வின்றி மெல்ல ஓடிக்கொண்டிருந்தன. தான் பதிவு செய்ய நினைத்தது ஒரு பாடலை. தன் முன்னால் திறந்துகொண்டதோ ஒரு நகரம் என்பதை அந்த இளைஞர் உடனேயே விளங்கிக்கொண்டார். அடுத்துவந்த வாரங்களிலும் அவ்வாண்டு டிசெம்பரிலுமாக எட்டு மணித்தியாலங்களுக்கும் அதிகமான பேச்சும் பாட்டும் வாசிப்பும் தட்டுகளில் பதிவாகின. ஒரு ஜாஸ் கலைஞரின் வாழ்க்கை, அவருடைய வாயாலும் விரல்களாலும் ஒருசேரச் சொல்லப்பட்டு இத்தனை நீளத்துக்குப் பதிவானது அதுவே முதற் தடவை எனலாம்.

அந்தக் கலைஞர்தான் ஜெலி றோல் மோர்ட்டன்.

அவர் அந்த மண்டபத்துக்கு வந்ததற்குப் பின்னணியில் ஒரு கோபம் இருந்தது. அதே ஆண்டு மார்ச் மாதம், 'நம்பினால் நம்புங்கள்' புகழ் றொபேட் றிப்ளியின் வானொலி நிகழ்ச்சியில், ஜாஸையும் புளூஸையும் தோற்றுவித்தவர் என டபிள்யூ. சீ. ஹான்டி அறிமுகப்படுத்தப்பட்டார். வோஷிங்டனின் யூ வீதியில் ஒரு சிறிய இரவு விடுதியில் பானம் பரிமாறுவதும், வரவேற்பதும், வாசிப்பதும் எனச் சகலமுமாக இருந்து காலம் தள்ளிக்கொண்டிருந்த மோர்ட்டனால் இதனைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஜாஸின் தொட்டில் நியூ ஓர்லியன்ஸ் என்றும், 1902 ஆம் ஆண்டில் அதனைப் படைத்தவர் தாமே என்றும் றிப்ளிக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். 'டவுண் பீற்' சஞ்சிகை அதனை அவ்வாண்டே பிரசுரித்தது. கடிதத்தின் முதற் பாதி, அதாவது நகரத்தைப் பற்றிய கூற்று, இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. மறுபாதியை வாசித்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பதற்குக் காரணமும் உண்டு. அவர் தமது பிறப்பு ஆண்டு 1885 என்று சொல்லிவந்தார். பிற்கால ஆய்வாளர்கள் தேடியெடுத்த ஞானஸ்நானப் பதிவோ 1890 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் திகதியைக் காட்டுகிறது. அதன்படி 1902 இல் அவர் பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுவன். அந்த வயதில் ஓர் இசை மரபைத் 'தோற்றுவிப்பது' எப்படி என்று கேட்பது நியாயமே. அது ஒருபுறமிருக்க, 1902 இல் அந்த நகரத்தில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் செவியில் எவை எவை விழுந்தன என்பது வேறொரு கேள்வி. கூலிட்ஜ் மண்டபத் தட்டுகளின் பெறுமதி இந்த இரண்டாவது கேள்விக்கு அவை தரும் விடையிலேயே தங்கியிருக்கிறது.

அவரது இயற்பெயர் பேர்டினண்ட் ஜோசப் லமோத். தந்தை குடும்பத்தை விட்டு விலக, தாய் மறுமணம் செய்துகொண்டார். சிறிய தகப்பனாரின் பெயரான மூட்டன் என்பதே ஆங்கில நாவுக்கு இசைவாகத் திரிந்து மோர்ட்டன் ஆயிற்று. 'ஜெலி றோல்' என்ற பட்டப்பெயர் அக்காலத்துக் கொச்சை வழக்கில் பாலியல் பொருள் கொண்டது. அதனை அவர் பெருமையுடனேயே சூடிக்கொண்டார்.

குடும்பம் கிறியோல் குடும்பம். நியூ ஓர்லியன்ஸின் சமூக அமைப்பை அறியாதவர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியுள்ளது. பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக் காலத்திலிருந்தே அந்நகரில் அடிமைகளாக இல்லாத, கலப்பு வழி வந்த ஒரு சமூகம் இருந்தது. பிரெஞ்சு மொழி பேசியவர்கள், கத்தோலிக்கர்கள், கைவினைஞர்களாகவும் சிறு வணிகர்களாகவும் வாழ்ந்தவர்கள். பிள்ளைகளை ஒப்பெராவுக்கு அழைத்துச் சென்றவர்கள். இசையை ஏட்டைப் பார்த்து முறைப்படி கற்பித்தவர்கள். கனால் வீதி என்னும் அகன்ற தெருவுக்கு இப்பால் இவர்கள். அப்பால், அடிமைத்தளையிலிருந்து அண்மையில் மீண்டு, தோட்டப் புறங்களிலிருந்து நகருக்கு வந்த ஆங்கிலம் பேசும் கறுப்பின மக்கள். இப்பாலிருந்தவர்கள் அப்பாலிருந்தவர்களைத் தம்மிலும் தாழ்ந்தவர்களாக மதித்தார்கள். நிறத்தின் அடர்த்தியை அளந்து மணஉறவு கொண்டார்கள். இதனை நம்மவர்களுக்கு விளங்கவைப்பதற்கு அதிக சிரமம் இல்லை என்றே நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஏணியே சரிந்தது. 1890 இல் லூசியானா மாநிலம் புகைவண்டிகளில் வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனிப் பெட்டிகள் என்று சட்டமியற்றியது. அதனை எதிர்த்து ஹோமர் பிளெஸி என்ற கிறியோல் இளைஞரை முன்னிறுத்தித் தொடுக்கப்பட்ட வழக்கு 1896 இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதன் பின்னர் சட்டத்தின் கண்ணில் கனால் வீதியின் இருபுறத்தாரும் ஒன்றே. ஒப்பெரா கேட்டு வளர்ந்த கைகளும், தோட்டத்துப் பாடல் கேட்டு வளர்ந்த கைகளும் ஒரே வேலைக்காக ஒரே வாசலில் நிற்கவேண்டி வந்தது. ஜாஸ் உருவான சூழலை விளக்குவோர் பலரும் இந்தச் சந்திப்பைச் சுட்டுவது வழக்கம். அது மகிழ்ச்சியான சந்திப்பு அல்ல என்பதை ஏனோ பலர் சொல்வதில்லை. மோர்ட்டனின் பேச்சில் அந்தக் கசப்பு தெளிவாகவே கேட்கிறது. தம் முன்னோர் எல்லோரும் நேரே பிரான்சிலிருந்து வந்தவர்கள் என்று அவர் வலியுறுத்துவதும், தம்மைக் கறுப்பினத்தவருடன் சேர்த்து எண்ணுவதை விரும்பாததும் அவரது குணத்தின் அழகற்ற பக்கம். 1992 இல் பிறோட்வே அரங்கில் மேடையேறிய 'ஜெலிஸ் லாஸ்ற் ஜாம்' என்ற இசை நாடகம் இதற்காகவே அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. குற்றச்சாட்டு பொய்யல்ல. ஆயினும் அந்த நாடகம் அவரை நிறுத்திய இடத்தில் அவருடைய வகுப்பார் அனைவரையும் நிறுத்தியிருக்க வேண்டும்.

பிரெஞ்ச்மன் வீதியில் இருந்த குடும்ப வீட்டில் அவர் வளர்ந்தார். பெற்றோருக்கு நிகராக அவரது இளமையில் இடம் பிடித்தவர் ஞானத்தாய். இந்த அம்மையார் செய்வினை, சூனியம் முதலியவற்றில் வல்லவர் எனப் பேர்பெற்றவர். பிற்காலத்தில் தமக்கு வந்த வீழ்ச்சிகளுக்கெல்லாம் சூனியமே காரணம் என்று மோர்ட்டன் மனப்பூர்வமாக நம்பியதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

தாயை இழந்தபின் அவர் தமது கொள்ளுப்பாட்டியின் கண்டிப்பில் இருந்தார். இரவுகளில் பீப்பாய்த் தொழிற்சாலை ஒன்றில் காவல் வேலை பார்ப்பதாக அந்தப் பக்திமிக்க மூதாட்டிக்குச் சொல்லிவிட்டு, அவர் போனது ஸ்டோரிவில்லுக்கு. 1897 இல் சிட்னி ஸ்டோரி என்ற நகரசபை உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தால், விபசாரம் நகரின் குறிப்பிட்ட சில தெருக்களுக்குள் மட்டும் அடைக்கப்பட்டது. அந்தத் தெருக்களை மக்கள் அவரது பெயராலேயே அழைத்தார்கள். ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்டவருக்குக் கிடைத்த நன்றிக்கடன் அது. அங்கிருந்த பெரிய விடுதிகளில் கண்ணாடி பதித்த முன்னறைகளும், அவற்றில் பியானோவும் இருந்தன. பையன் வாசித்தான், பணம் கொட்டியது. விடயம் ஒருநாள் தெரியவந்தபோது கொள்ளுப்பாட்டி அவனை வீட்டைவிட்டு வெளியேற்றினார். கதவு சாத்தப்பட்ட அந்தக் கணத்தை அவர் முப்பது ஆண்டுகளுக்கும் அதிகமான காலம் கழித்துச் சொல்லும்போதும் குரல் சற்று இறங்குகிறது. வீறாப்பு மிகுந்த அந்தப் பேச்சில் இத்தகைய இடங்கள் குறைவு. ஆகையால் அவை அதிகம் ஒலிக்கின்றன.

இனி, அவர் கதை சொன்ன முறையைப் பார்ப்போம். லோமக்ஸின் கருவியில் ஒரு தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களுக்கு மேல் கொள்ளாது. தட்டை மாற்றும்போதெல்லாம் கதை நின்று தொடரவேண்டும். ஆனால் மோர்ட்டனின் இடக்கை நிற்பதில்லை. பேசும்போது மெதுவான சுரக்கோவைகளைப் பின்னிக்கொண்டே இருப்பார். பேச்சு அந்தத் தாளத்தின் மேல் தானாகவே ஏறி அமர்ந்துகொள்ளும். ஒரு மனிதரின் பெயர் வந்தால் அவர் வாசித்த விதம் விரல்களில் வந்துவிடும். விரல்கள் ஒரு மெட்டைத் தொட்டால் அது கேட்ட தெருவின் பெயர் வாயில் வந்துவிடும். காலால் தரையைத் தட்டும் ஒலியும் தட்டுகளில் பதிவாகியுள்ளது. நமது கதாப்பிரசங்கிகளையும் வில்லுப்பாட்டுக்காரரையும் அறிந்தவர்களுக்கு இதன் இயல்பு உடனே பிடிபடும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுக்குக் கதை புராணத்திலிருந்து வருகிறது. இவருக்குக் கதை அடுத்த தெருவிலிருந்து வந்தது.

'டைகர் றாக்' என்ற புகழ்பெற்ற ஜாஸ் உருப்படி எவ்வாறு உண்டாயிற்று என்று அவர் விளக்கும் இடம் பலராலும் பேசப்படுவது. பிரெஞ்சு நடனச் சபைகளில் வாசிக்கப்பட்ட குவாட்றில் என்னும் நடன இசையின் பகுதிகளை முதலில் அப்படியே வாசிக்கிறார். ஆடுபவர்கள் துணை தேடுவதற்கான அறிமுகப் பகுதி, வோல்ட்ஸ் நடைப் பகுதி, மசூர்க்காப் பகுதி என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாசித்துவிட்டு, இதைத்தான் இப்படி மாற்றினேன் என்று அதே பகுதிகளை ஜாஸின் விரைந்த தாளத்துக்குள் தள்ளுகிறார். புலியின் உறுமலுக்கு முழங்கையைப் பியானோவின் மீது வைத்து அழுத்துகிறார். மாற்றியவர் அவர்தானா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. ஆனால் மாற்றம் எவ்வகையில் நடந்தது என்பதைக் காதால் கேட்க இதனிலும் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. வேர்டியின் 'இல் த்றொவத்தோறே' ஒப்பெராவின் துயரப் பகுதியை இதே வகையில் உருமாற்றிக் காட்டுவதும் உண்டு. கியூபாவின் ஹவானாத் துறைமுகத்துடன் கப்பல் தொடர்பு கொண்ட நகரம் அது என்பதால், ஸ்பானியச் சாயல் கொண்ட இடக்கைத் தாளம் இல்லாமல் ஜாஸுக்குரிய சுவை சேராது என்று அவர் சொல்லி, 'லா பலோமா' மெட்டை எடுத்து அதனை மெல்ல மெல்லப் புளூஸாக்கிக் காட்டுகிறார். ஒரு துறைமுக நகரத்தின் சுங்கப் பதிவேட்டை வாசிப்பதுபோல இருக்கிறது.

மரணச் சடங்குகளைப் பற்றிய பகுதி தனியே குறிப்பிடத்தக்கது. சிறுவர்களாக நால்வர் சேர்ந்து பாடும் குழு ஒன்றில் அவர் இருந்தார். எங்கு செத்தவீடு என்று விசாரித்துக்கொண்டு போவார்கள். பிணத்தின் பக்கத்தில் நின்று உருக்கமான பக்திப் பாடல்களைப் பாடுவார்கள். கண்கள் குசினிப் பக்கம் இருக்கும். அங்கே பன்றி இறைச்சியும் பாற்கட்டியும் வைத்த சான்ட்விச்சுகள் தயாராக இருக்கும். அடுத்த நாள் ஊதுகருவிக் குழுவுடன் ஊர்வலம். இடுகாடு வரை நெஞ்சைப் பிழியும் மெதுவான இசை. புதைத்துவிட்டுத் திரும்பும்போது துள்ளலிசை. இதனையெல்லாம் அவர் சொல்லிப் பாடி வாசிக்கும்போது கேட்பவருக்குச் சிரிப்பும் துக்கமும் பிரிவதில்லை. செத்தவீட்டுப் பறையின் ஒலியைத் தொலைவிலிருந்து கேட்டே யாருடைய வீடு என்று ஊகித்து வளர்ந்த தலைமுறைக்கு, இது அந்நியமான உலகம் அல்ல.

இந்தக் கலப்பு அவருக்கு 1938 இல் திடீரெனத் தோன்றியதும் அல்ல. 1926 இல் சிக்காகோவில் விக்டர் நிறுவனத்துக்காக 'றெட் ஹொட் பெப்பேர்ஸ்' என்ற தமது குழுவுடன் அவர் செய்த இசைத்தட்டுகளில் 'டெட் மான் புளூஸ்' ஒன்று. அது இசையுடன் தொடங்குவதில்லை. மோர்ட்டனும் குழுவின் பான்ஜோக் கலைஞர் ஜொனி சென்ற் சியரும் ஒரு மரண ஊர்வலத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் சிறு உரையாடலுடன் தொடங்குகிறது. மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கவேண்டிய தட்டில், அரை நிமிடத்தை ஊர்ப்பேச்சுக்குக் கொடுத்தார் என்றால் அந்தப் பேச்சு அவருக்கு எத்துணை முக்கியமாக இருந்திருக்க வேண்டும்!

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்கள், தற்பெருமை பேசுபவரின் வாக்குமூலத்தைப் பாதியாகக் குறைத்தே எடுத்துக்கொள்வர். எங்கள் தலைமுறைக்குச் செய்தி ஆசிரியர்கள் கற்றுத்தந்த முதற் பாடங்களில் அது ஒன்று. ஆயினும் எந்தப் பாதியைக் குறைப்பது என்பதை அவர்கள் எப்போதும் சொல்லித் தருவதில்லை. மோர்ட்டனைக் கேட்கும்போது ஒரு வரம்பு தெளிவாகத் தெரிகிறது. தம்மைப் பற்றி அவர் சொல்வனவற்றில் மிகை மலிந்து கிடக்கிறது. பிறரைப் பற்றிச் சொல்லும்போது அவர் வியப்பூட்டும் அளவுக்கு நிதானமானவர், கொடையாளியும்கூட.

சான்றாக, ரோனி ஜாக்சன். 'பிறிற்றி பேபி' பாடலின் ஆசிரியர்களுள் ஒருவரான இந்தப் பியானோக் கலைஞரைத் தம்மிலும் மேலானவராக மோர்ட்டன் போற்றுகிறார். உலகில் எவரையும் தமக்கு மேல் வைக்க மனம் வராத ஒருவர் இப்படிச் சொல்வதைக் கவனிக்கவேண்டும். ஜாக்சன் 1921 இல் இறந்தார். அவரது குரலோ வாசிப்போ எந்த இசைத்தட்டிலும் இல்லை. அவர் எப்படிப் பாடினார், எப்படி வாசித்தார் என்பதற்கு நம்மிடமுள்ள மிக நெருங்கிய சான்று, மோர்ட்டன் அவரைப் போலச் செய்துகாட்டும் சில நிமிடங்களே. அவ்வாறே பட்டி போல்டன். ஜாஸின் முதல் நாயகனாக இன்று கொண்டாடப்படும் இந்தக் கோர்னட் கலைஞர் 1907 இல் மனநோய் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, 1931 இல் அங்கேயே இறந்தார். அவரது ஊதலின் ஒரு துளியும் எஞ்சவில்லை. அவர் பெயரால் வழங்கிய, நாகரிகமற்ற சொற்கள் மலிந்த ஒரு தெருப்பாடல் மோர்ட்டனின் வாயில் தங்கியிருந்தது.

இவர்கள் எல்லோரையும்விட என்னை ஈர்த்தவர் மேமி டெஸ்டியூன்ஸ் என்ற பெண். ஞானத்தாயின் வீட்டுக்கு அயலில் வாழ்ந்தவர். வலக்கையில் இரு விரல்கள் இல்லாதவர். எஞ்சிய விரல்களால் அவர் வாசித்த ஒரேயொரு புளூஸே, தாம் வாழ்வில் கேட்ட முதல் புளூஸ் என்கிறார் மோர்ட்டன். இது கட்டுக்கதை என்று நினைப்பதற்கு எல்லா இடமும் உண்டு. ஆனால் அதே நகரத்தின் பங்க் ஜோன்சன் என்ற ஊதுகருவிக் கலைஞரும் அப்பெண்ணை நினைவுகூர்ந்திருக்கிறார். பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தேடியபோது மேமி உண்மையாகவே வாழ்ந்தவர் என்பது மட்டுமன்றி, அவர் றொடோல்ப் டெஸ்டியூன்ஸின் மகள் என்பதும் தெரியவந்தது. றொடோல்ப் யார்? மேலே சொன்ன பிளெஸி வழக்கை நடத்திய குடிமக்கள் குழுவின் முன்னணிக் கிறியோல் அறிவாளர்களில் ஒருவர். தமது சமூகத்தின் வரலாற்றைப் பிரெஞ்சு மொழியில் நூலாக எழுதி 1911 இல் வெளியிட்டவர். அதே ஆண்டில்தான் மேமி இறந்தார். தந்தை நீதிமன்றத்தில் தோற்றார். மகள் எட்டு விரல்களால் புளூஸ் வாசித்தார். அந்த மகளை நினைவில் வைத்திருந்தவர், அடுத்த வீட்டுக்கு வந்துபோன சிறுவன்.

இனி, இத்தட்டுகளில் மிகக் கனமான பகுதி. அது அவர் வாசிக்காத ஒரு பாடலைப் பற்றியது.

1900 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் திகதி இரவு, நியூ ஓர்லியன்ஸின் ட்றையட்ஸ் வீதியில் ஒரு வீட்டுப் படியில் நண்பர் ஒருவருடன் அமர்ந்திருந்த றொபேட் சார்ள்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியைப் பொலிஸார் அணுகி விசாரித்தனர். வாய்த்தர்க்கம் கைகலப்பாகி, துப்பாக்கிச் சூடாக முடிந்தது. காயத்துடன் தப்பிய சார்ள்ஸ், தம்மைத் தேடிவந்த பொலிஸார் இருவரைச் சில மணித்தியாலங்களில் சுட்டுக் கொன்றார். அவரைக் காணாத வெள்ளையர் கும்பல்கள் அடுத்துவந்த நாட்களில் கண்ணில் பட்ட கறுப்பின மக்களை அடித்தன, கொன்றன. 27 ஆம் திகதி அவர் ஒளிந்திருந்த வீடு முற்றுகையிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்து நிற்க, வீட்டுக்குத் தீமூட்டி அவரை வெளியேற்றிச் சுட்டுக் கொன்றனர். அன்றிரவே கறுப்பினப் பிள்ளைகளுக்கான தோமி லபோன் பாடசாலை எரிக்கப்பட்டது. அக்காலத்துப் பத்திரிகைகள் சார்ள்ஸைக் கொடியவராகச் சித்திரித்தன. அவரது பக்க நியாயத்தைத் தேடி எழுதியவர் ஐடா பீ. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண் பத்திரிகையாளர். அவர் வெளியிட்ட சிறுநூல் அவ்வாண்டே வந்தது.

அப்போது மோர்ட்டனுக்கு ஒன்பது வயது. லோமக்ஸிடம் அந்த நாட்களின் கதையை அவர் விரிவாகவே சொல்கிறார். சிறுவர்கள் கேட்டு வளர்ந்த கதைகளுக்குரிய பெருக்கங்கள் அதில் உண்டு. சுடப்பட்டோரின் தொகை கூடுகிறது. சண்டை தொடங்கிய விதமும் மாறுகிறது. ஆனால் ஒரு செய்தி எந்தப் பத்திரிகையிலும் வராதது: றொபேட் சார்ள்ஸைப் பற்றி ஊரில் ஒரு பாடல் இருந்தது, தமக்கும் அது தெரிந்திருந்தது, பொலிஸார் அப்பாடலை விரைவிலேயே அடக்கிவிட்டனர், உலகத்துடன் சமாதானமாக வாழ்வதானால் அதனை மறப்பதே நல்லது என்று கண்டு தாம் மறந்துவிட்டதாகவும் அவர் கூறுகிறார்.

நூற்றுக்கணக்கான மெட்டுகளை, யார் எந்தச் சந்தியில் வாசித்தார் என்ற விவரத்துடன் நினைவில் வைத்திருந்த மனிதர் அவர். மூன்று தசாப்தங்களுக்கு முற்பட்ட குவாட்றிலின் பகுதிகளை வரிசை பிறழாமல் வாசித்துக் காட்டியவர். அவருக்கு இந்த ஒன்று மட்டும் மறந்துபோயிற்றாம். உண்மையாகவே மறந்தாரா, அரசாங்க நூலகத்தின் ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கிறோம் என்பதை உணர்ந்து மறந்தாரா என்பதை அவரவர் கேட்டு முடிவு செய்யவேண்டியதுதான். எந்தப் பாடலை மறந்துவிடுவது உடம்புக்கு நல்லது என்று தீர்மானிக்கவேண்டிய நிலைமை எத்தகையது என்பதை இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கப் போவதில்லை.

ஒலிப்பதிவுகள் நடந்த அதே ஆண்டில், யூ வீதி விடுதியில் எழுந்த ஒரு சச்சரவில் மோர்ட்டன் கத்திக் குத்துக்கு இலக்கானார். அதன்பின் உடல்நலம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நியூயோர்க் சென்று 1939 இல் மீண்டும் சில இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். போல்டனின் பாடலும் மேமியின் புளூஸும் அவற்றில் உண்டு. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரேயே அவருடைய 'கிங் போட்டர் ஸ்டொம்ப்' பெனி குட்மனின் குழுவால் வாசிக்கப்பட்டு நாடெங்கும் ஒலித்திருந்தது. அதனால் உரியவருக்குக் கிடைத்த பயன் அற்பம். இசையாசிரியர்களுக்கான உரிமைச் சங்கம் அவரை 1939 இல்தான் உறுப்பினராக ஏற்றது. 1940 இன் இறுதியில், மேற்குக் கரையில் இருந்த ஞானத்தாய் இறந்த செய்தி அறிந்து, தம்மிடம் எஞ்சியிருந்த இரு பெரிய மோட்டார்க் கார்களையும் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு, குளிர்காலப் பனியில் நியூயோர்க்கிலிருந்து கலிபோர்னியா வரை ஓட்டிச் சென்றார். 1941 ஜூலை 10 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் காலமானார். கல்லறையில் பெயர்க்கல் நாட்டப்பட்டது 1950 இல்.

அவர் சொன்ன ஊரும் அதிக காலம் நிற்கவில்லை. ஸ்டோரிவில் 1917 நவம்பரில், போர்க்காலத்தில் கடற்படையின் வற்புறுத்தலால் மூடப்பட்டது. அதன் பிரதான வீதியான பேசின் வீதியின் பெயரையே நகரசபை சில காலம் மாற்றி வைத்திருந்தது. ஒப்பெரா மாளிகை 1919 இல் எரிந்துபோயிற்று. மோர்ட்டன் வோஷிங்டனில் பேசி முடித்துச் சில ஆண்டுகளுக்குள் அந்த விடுதிகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் ஐபர்வில் என்ற பெயரில் அரசாங்க வீட்டுத்தொகுதி எழுந்தது. அதுவும் 2010களில் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது.

லோமக்ஸ் அந்தப் பேச்சுகளை ஆதாரமாகக் கொண்டு 'மிஸ்டர் ஜெலி றோல்' என்ற நூலை 1950 இல் வெளியிட்டார். தட்டுகளின் ஒரு பகுதி அதற்குச் சற்று முன்னரே 'சேர்க்கிள்' நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஆபாசம் எனக் கருதப்பட்ட பாடல்கள் பல பதிற்றாண்டுகள் வெளியே வரவில்லை. அவை அந்த விடுதிகளின் முன்னறைகளில் உண்மையில் பாடப்பட்ட பாடல்கள். அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது, வாடிக்கையாளர் எவரும் வராத ஒரு விசித்திரமான விபசார விடுதி! முழுத் தொகுதியும் எட்டு இறுவட்டுகளில் 2005 இல் றவுண்டர் நிறுவனத்தால் வெளியிடப்பட்டு, மறு ஆண்டு இரு கிறாமி விருதுகளைப் பெற்றது. அதே 2005 ஓகஸ்ட் மாத இறுதியில்தான் கத்ரீனாச் சூறாவளியில் அணைகள் உடைந்து நியூ ஓர்லியன்ஸ் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது.

அந்த எட்டு இறுவட்டுகளிலும் டெஸ்டியூன்ஸின் புளூஸ் இருக்கிறது. போல்டனின் தெருப்பாடல் இருக்கிறது. ஜாக்சனின் குரலைப் போன்ற ஒரு குரலும் இருக்கிறது. றொபேட் சார்ள்ஸின் பாடல் இல்லை.